கொட்டை எடுத்த ரத்தம்

பலசரக்குக் கடையில் புளி கேட்டால், "கொட்டை எடுத்ததா, எடுக்காததா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ரத்தத்திலும் அந்த இரண்டு ரகம் உண்டு. கோழி, தவளை, மீன், பாம்பு இவற்றின் சிவப்பணுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நடுவில் உட்கரு என்கிற நியூக்ளியஸ் கொட்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். மனிதன், மாடு, எலி, யானை என்று பாலூட்டிகளுக்கு எல்லாம் கொட்டை எடுத்த சரக்கு. நடுவில் ஒன்றும் கிடையாது, வெறும் குழிதான்.

இந்த உவமை என் சரக்கில்லை. நியூக்ளியஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்றுதான் பொருள். பேர் வைத்தவர்களே அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு நாக்பூர் வந்தவன் நான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இப்போதெல்லாம் எண்ணுவதை மெஷின் செய்துவிடுகிறது. மெஷினுக்குச் சந்தேகம் வருகிற சாம்பிள்கள் மட்டும் ஸ்லைடாக என் மேஜைக்கு வரும். அந்தச் சந்தேகங்களில் ஒன்று, "இதில் உட்கருவோடு சிவப்பணு இருக்கிறதோ?" என்பது. பெரியவர்கள் ரத்தத்தில் அது இருக்கக் கூடாது. இருந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். நூறு வெள்ளணு எண்ணுவதற்குள் அப்படி எத்தனை கண்ணில் பட்டது என்று குறித்து ரிப்போர்ட்டில் போட வேண்டும்.

முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு ஏன் இல்லை? பள்ளிக்கூடத்தில் இது ஒரு மார்க் கேள்வி. "அதிக ஹீமோகுளோபினுக்கு இடம் தர" என்று எழுதினால் அந்த ஒரு மார்க் கிடைத்துவிடும். ஆனால் இந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. உட்கரு இருக்கிறதா, இல்லையா? இருந்தது என்றால் எங்கே போனது? எதற்காகப் போனது? முதல் கேள்வியை முடிக்க ஏறக்குறைய 170 வருடம் ஆயிற்று. இரண்டாவதற்கு இன்னொரு 140 வருடம். மூன்றாவது இன்னும் முடிந்தபாடில்லை.

இருக்கிறதா, இல்லையா?

ஹாலந்தில் யான் ஸ்வாமர்டாம் 1658ல் தவளை ரத்தத்தில் மிதக்கும் முட்டை வடிவத் துணுக்குகளைப் பார்த்தார். பார்த்ததை அச்சில் போடவில்லை. 1680ல் அவர் இறந்து, 57 வருடம் கழித்துத்தான் அவருடைய குறிப்புகள் புத்தகமாயின. இடையில் டெல்ஃப்ட் ஊர் ஜவுளி வியாபாரி லேவன்ஹூக், தானே தேய்த்த லென்ஸில் மனித ரத்தத்தைப் பார்த்து 1674ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். பிறகு மீன் ரத்தத்தையும் படமாக வரைந்தார். அதில் ஒவ்வொரு அணுவின் நடுவிலும் வெளிச்சமாக ஒரு பொட்டு இருக்கிறது. இன்று பார்க்கிற நமக்கு அது உட்கரு என்று தெரியும். அவருக்கு அது வெறும் பொட்டு. உட்கரு என்ற கருத்தே அப்போது பிறக்கவில்லை.

அடுத்த நூறு வருடத்துக்குச் சிவப்பணு ஒரு குட்டி உருண்டை என்றே எல்லாரும் நம்பினார்கள். அதை மாற்றியவர் லண்டன் டாக்டர் வில்லியம் ஹ்யூசன். 1773ல் அவர் சொன்னது: இது உருண்டையில்லை, நாணயம் போலத் தட்டை. மற்றவர்கள் ஏன் உருண்டையாகப் பார்த்தார்கள் என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. ரத்தம் கெட்டியாக இருக்கிறதே என்று தண்ணீர் விட்டுக் கலக்கினார்கள். தண்ணீர் பட்டதும் அணு உப்பி உருண்டையாகிவிடுகிறது. ஹ்யூசன் தண்ணீருக்குப் பதில் ரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தையே விட்டுக் கலக்கினார். வடிவம் கெடவில்லை. இன்றைக்கும் சிவப்பணுவை வெறும் தண்ணீரில் யாரும் கரைப்பதில்லை, உப்புக் கரைசல்தான். அந்தப் பாடத்தின் ஆரம்பம் இதுதான்.

ஆனால் அதே ஹ்யூசன், மீனிலும் தவளையிலும் பார்த்த நடுப்பொட்டு மனிதனிலும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். ஒரு சின்னப் பைக்குள் ஒரு கெட்டியான துணுக்கு, எல்லா உயிருக்கும் அதே அமைப்பு என்பது அவர் முடிவு. ஒரு இடத்தில் கண்டதை எல்லா இடத்துக்கும் நீட்டிவிடுகிற பழக்கம் விஞ்ஞானிகளுக்கும் உண்டு. அவர் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருந்தால் அவரே அதைத் திருத்தியிருக்கலாம். 1774ல் பிணம் அறுக்கும்போது பட்ட காயம் புரையோடி, 34 வயதில் போய்விட்டார். அவர் உடற்கூறு வகுப்பு நடத்திய வீடு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் குடியிருந்த அதே வீடு. வீட்டுக்காரம்மாவின் மகள்தான் ஹ்யூசனின் மனைவி. 1998ல் அந்த வீட்டைப் பழுது பார்த்தபோது அடித்தளத்திலிருந்து மனித எலும்புகள் வந்தன. பத்திரிகைகள் பதறின. கடைசியில் ஹ்யூசன் வகுப்பின் மிச்சம் என்று முடிவு கட்டினார்கள்.

1827ல் தாமஸ் ஹாட்ஜ்கினும் ஜோசப் ஜாக்சன் லிஸ்டரும் சேர்ந்து மறுபடி பார்த்தார்கள். ஹாட்ஜ்கின் பேர் ஒரு புற்றுநோய்க்கு நிலைத்துவிட்டது. லிஸ்டர் ஒரு ஒயின் வியாபாரி. ஓய்வு நேரத்தில் நிறப்பிசிறு இல்லாத லென்ஸைச் செய்து முடித்தவர். ஆபரேஷன் தியேட்டரில் கிருமிநாசினியைக் கொண்டுவந்த லிஸ்டரின் அப்பா. புது லென்ஸில் தெரிந்தது இரண்டு பக்கமும் குழி விழுந்த தட்டு. நடுவில் பொட்டு போலத் தெரிந்தது பொருள் இல்லை, பள்ளம்.

நான்கே வருடத்தில், 1831ல், ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செடியின் செல்களில் உள்ள உருண்டைக்கு நியூக்ளியஸ் என்று பேர் சூட்டினார். அதன் பிறகு ஒவ்வொரு செல்லிலும் அதைத் தேடுவது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. செல் என்றால் உட்கரு இருந்தே ஆக வேண்டும் என்று பலர் பேசிக்கொண்டிருந்த காலத்தில், பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் ஜார்ஜ் கல்லிவர் கிடைத்த மிருகத்தின் ரத்தத்தை எல்லாம் அளந்துகொண்டிருந்தார். யானை, ஒட்டகம், சருகுமான் இனத்துக் குட்டி மான் என்று நீளமான பட்டியல். ஒட்டகத்துக்கு மட்டும் அணு முட்டை வடிவம். சருகுமானுக்கு எல்லாரையும் விடச் சின்னது, ஏறக்குறைய 2 மைக்ரான். நம்முடையது 7 முதல் 8 மைக்ரான்.

அளந்து அளந்து அவர் கண்டது: முதுகெலும்புள்ள பிராணிகளை இரண்டே கட்சியாகப் பிரிக்கலாம். கொட்டை உள்ள ரத்தம் பைரினிமேட்டா, இல்லாத ரத்தம் ஏபைரினிமேட்டா. கிரேக்கத்தில் பைரீன் என்றால் பழக்கொட்டை. ஹ்யூசன் எழுதியவற்றைத் தொகுத்து 1846ல் பதிப்பித்தவரும் இதே கல்லிவர்தான். முன்னவரைத் தள்ளிவிடாமல், அவர் புத்தகத்தைப் பதிப்பித்துக்கொண்டே அவரைத் திருத்துவது என்பது ஒரு நல்ல மரபு. ஆக முதல் கேள்வி முடிந்தது. நமக்கு இல்லை.

கோர்ட்டுக்குப் போன கொட்டை

இது ஏதோ லேபுக்குள் நடந்த சண்டை என்று நினைக்க வேண்டாம். கோர்ட் வரைக்கும் போன விஷயம். கொலை வழக்கில் வேட்டியில் ரத்தக் கறை. "கோழி அறுத்தேன் எஜமான்" என்கிறான் குற்றம் சாட்டப்பட்டவன். காய்ந்த கறையைப் பக்குவமாக ஊற வைத்துப் பார்த்தால், முட்டை வடிவில் உட்கருவோடு அணு தெரிந்தால் அவன் சொன்னது நிஜமாக இருக்கலாம். வட்டமாக, உட்கரு இல்லாமல் தெரிந்தால் கோழிக் கதை பொய். பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவ நீதிநூல்களில் இது ஒரு முக்கியமான பாடம். மதராஸ் மாகாணத்தில் 1849லேயே கெமிக்கல் எக்ஸாமினர் ஆபீஸ் வந்துவிட்டது. விஷத்தையும் கறையையும் சோதிப்பது அங்கே அன்றாட வேலை.

ஓட்டை எங்கே என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். கோழி என்று சொல்லாமல் ஆடு என்று சொல்லிவிட்டால்? ஆட்டுக்கும் உட்கரு கிடையாது. கல்லிவரின் அளவுப் பட்டியலை வைத்துக்கொண்டு, அளந்தே மனித ரத்தத்தைப் பிரித்துச் சொல்கிறோம் என்று சில நிபுணர்கள் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். காய்ந்து சுருங்கிப் போன அணுவில் ஒரு மைக்ரான் வித்தியாசத்தை நம்பி ஒருவனைத் தூக்கில் போடலாமா என்று மற்ற நிபுணர்கள் எதிர்த்தார்கள். 1901ல் ஜெர்மனியில் பால் ஊலன்ஹூட் வேறு வழி கண்டுபிடித்தார். மனிதப் புரதத்தோடு மட்டும் சேர்ந்து படிகிற சீரம். அதே வருடம் ரூகன் தீவில் இரண்டு சிறுவர்கள் கொல்லப்பட்டார்கள். துணியில் இருந்த கறை மரச்சாயம் என்று சொன்னான் பிடிபட்ட தச்சன். ஊலன்ஹூட் சோதித்ததில் சில கறைகள் மனித ரத்தம், சில ஆட்டு ரத்தம் என்று பிரிந்து வந்தது. இரண்டுமே கொட்டை எடுத்த ரகம். உருவத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் காலம் அதோடு முடிந்தது.

எங்கே போகிறது?

கருவில் இருக்கும் குழந்தையின் ஆரம்ப காலச் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு என்பது முன்பே தெரியும். வளர்ந்தவர்களுக்குப் புது ரத்தம் எங்கே ஊறுகிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. கல்லீரல் என்றார்கள், மண்ணீரல் என்றார்கள். 1868ல் கோனிக்ஸ்பெர்க்கில் எர்ன்ஸ்ட் நாய்மன் எலும்பைப் பிழிந்து, வந்த சாற்றைப் பார்த்தார். (அந்த ஊர் இப்போது ரஷ்யாவின் கலினின்கிராட்.) சிவப்பு நிறம், உள்ளே உட்கரு. வளர்ந்த மனிதன் எலும்புக்குள், கருவில் இருப்பது போன்ற அணுக்கள்! ரத்தம் எலும்பு மஜ்ஜையில்தான் பிறக்கிறது என்று அறிவித்தார். அதே வருடம் இத்தாலியில் ஜூலியோ பிட்ஸொட்ஸெரோவும் இதையே கண்டார். உடனே யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. எலும்பு என்பது வெறும் தூண் என்று நினைத்தவர்களுக்கு, அதற்குள் ஒரு தொழிற்சாலை ஓடுகிறது என்றால் சிரமமாகத்தானே இருக்கும்.

மஜ்ஜைக்குள் உட்கரு இருக்கிறது, வெளியே ரத்தத்தில் இல்லை. அப்படியானால் வாசற்படியில் என்ன நடக்கிறது? கரைந்து போகிறது என்றது ஒரு கட்சி. 1880ல் ரிண்ட்ஃப்ளைஷ் என்ற ஜெர்மானியர், இல்லை, அப்படியே வெளியே துப்பப்படுகிறது என்றார். 1890ல் அமெரிக்காவில் வில்லியம் ஹோவெல் அவர் பக்கம் நின்றார். அந்த வேலையின்போது சில அணுக்களில் உட்கருவின் சின்னத் துணுக்கு மிச்சம் நிற்பதையும் கவனித்தார். பிறகு பிரான்ஸில் ஜஸ்டின் ஜாலியும் அதை விவரித்ததால் அதற்கு ஹோவெல்-ஜாலி துணுக்கு என்று பேர். கொட்டை எடுத்த புளியில் எப்போதாவது பல்லில் சிக்குமே, அந்த மாதிரி.

கரைவதா, துப்புவதா என்ற வழக்கு பல பத்தாண்டுகள் இழுத்தது. காரணம், செத்த செல்லுக்குச் சாயம் ஏற்றி வைத்துப் பார்க்கிறோம். அது ஒரு கணத்தின் போட்டோ. அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று அவரவர் கதை கட்டிக்கொள்ளலாம். உயிருள்ள செல்லைப் பார்க்க முடிந்ததும், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்ததும்தான் துப்புகிற கட்சி ஜெயித்தது. 1958ல் பிரான்ஸில் மார்செல் பெஸ்ஸி இன்னொரு காட்சியைக் கொடுத்தார். மஜ்ஜையில் ஒரு பெரிய மேக்ரோஃபேஜ் செல் நடுவில் உட்கார்ந்திருக்க, அதைச் சுற்றி இளம் சிவப்பணுக்கள் தாயைச் சுற்றிய குஞ்சுகள் போல ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தாய்தான் துப்பிய உட்கருவை எல்லாம் விழுங்குகிறது.

நடப்பது இதுதான். முதலில் உட்கரு இறுகிச் சுருங்குகிறது. பிறகு ஒரு ஓரமாக ஒதுங்குகிறது. செல் இரண்டாகப் பிரியும்போது இடுப்பு சிறுப்பது போல ஒரு வளையம் இறுக்கி, மெல்லிய தோலோடு உட்கரு பிதுங்கி வெளியே வருகிறது. அதன் மேல்தோலில் "என்னைச் சாப்பிடு" என்கிற ரசாயன அடையாளம் வெளிப்பட, மேக்ரோஃபேஜ் அதைப் பிடித்து விழுங்கிவிடுகிறது. ஜப்பானில் ஷிகேகாஸு நாகாட்டாவின் குழு 2005ல் இதைக் காட்டியது. அதற்கு முன் 2001ல் அவர்களே செய்த இன்னொரு சோதனை: விழுங்கிய உட்கருவின் டி.என்.ஏ.வைச் செரிக்கும் என்ஸைம் இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். மேக்ரோஃபேஜ்களில் செரிக்காத டி.என்.ஏ. நிரம்பிவிட்டது. எலிக்குட்டிகள் கடும் ரத்தசோகையில், பிறப்பதற்கு முன்பே செத்துப்போயின. குப்பை அள்ளுகிறவர் வராவிட்டால் சமையலறையும் நின்றுவிடும்.

நம் உடம்பு ஒரு விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்கிறது. அதாவது விநாடிக்கு 20 லட்சம் உட்கருக்கள் துப்பப்பட்டு, விழுங்கப்பட்டு, செரிக்கப்படுகின்றன. நீங்கள் இந்த வரியைப் படிக்கும் நேரத்துக்குள் ஒரு கோடி தாண்டியிருக்கும். துப்பப்பட்ட உட்கருவுக்கு இன்று வழங்கும் பேர் பைரினோசைட். கல்லிவர் பொறுக்கிய அதே கிரேக்கக் கொட்டைதான்!

எதற்காக?

இப்போது அந்த ஒரு மார்க் பதிலுக்கு வருவோம். இடம் மிச்சம். ஒரு சிவப்பணுவில் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் நான்கு ஆக்சிஜன் சுமக்கும். ஈரத்தை நீக்கிவிட்டு எடை போட்டால் 95 சதவீதத்துக்கு மேல் ஹீமோகுளோபின்தான். உட்கரு போன இடத்தில் சரக்கு ஏற்றியாயிற்று. அது மட்டுமில்லை. நடுவில் கெட்டியாக ஒன்றும் இல்லாததால் அணு மடங்கி, நெளிந்து தன்னை விடக் குறுகலான தந்துகிகளிலும் நுழைந்து போகும். மண்ணீரலில் ஒரு மைக்ரான் இடுக்கு வழியாகக்கூடப் பிதுங்கிப் போகிறது.

இதெல்லாம் உண்மை. ஆனால் "அதனால் நன்மை" என்பதும் "அதற்காகத்தான் வந்தது" என்பதும் ஒன்றில்லை.

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளம் என்று ஒரு ஊர். பறவைகள் சரணாலயம். குளிர்காலத்தில் அங்கே வரித்தலை வாத்துகள் வந்திறங்கும். திபெத், மங்கோலியா பக்கத்தில் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டித் தெற்கே வருகிற ஜாதி. கருவி கட்டி அனுப்பியதில் 7,000 மீட்டருக்கு மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. மனிதன் அந்த உயரத்தில் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குவான். அது சிறகடித்துப் பறக்கிறது. அதன் சிவப்பணுவில் உட்கரு அப்படியே இருக்கிறது! நல்ல நுரையீரல், பெரிய இதயம், ஆக்சிஜனை இறுகப் பிடிக்கிற ஹீமோகுளோபின் என்று வேறு வழியில் அது காரியத்தைச் சாதித்துக்கொள்கிறது. ஆக, உட்கருவைத் தொலைத்தால்தான் ஆக்சிஜன் நன்றாகச் சுமக்கலாம் என்பது பொது விதி இல்லை.

இன்னொரு வாதம்: சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை, அதனால் சுமக்கிற ஆக்சிஜனைத் தானே தின்பதில்லை. பந்தியில் பரிமாறுகிறவன் வழியில் வாயில் போட்டுக்கொள்ளாத மாதிரி. நல்ல வாதம்தான். ஆனால் உட்கருவை எடுப்பதும் மைட்டோகாண்ட்ரியாவை எடுப்பதும் தனித்தனி வேலை, தனித்தனி நேரத்தில் நடப்பவை. ஒன்றின் நன்மையை இன்னொன்றின் கணக்கில் எழுதக் கூடாது. மூன்றாவது வாதம், உட்கரு இல்லாத செல்லில் வைரஸ் பெருக முடியாது என்பது. சரி, ஆனால் மலேரியா ஒட்டுண்ணிக்கு அந்தத் தடை இல்லை. ரொனால்ட் ராஸ் 1897ல் செகந்தராபாத்தில் துரத்தியது மனித மலேரியா. 1898ல் கல்கத்தாவில் கதையை முடித்தது பறவை மலேரியாவை வைத்து. கொட்டை உள்ள வீடு, இல்லாத வீடு இரண்டிலும் மலேரியா குடித்தனம் நடத்துகிறது.

வேடிக்கை என்னவென்றால் பாலூட்டிகள் மட்டுமே இப்படி என்பதும் முழு உண்மையில்லை. கலிஃபோர்னியாவில் பேட்ரகோசெப்ஸ் என்று நூல் மாதிரி ஒரு சாலமாண்டர். நுரையீரலே கிடையாது, தோலால் மூச்சு விடும். அதன் சிவப்பணுக்களில் பெரும்பாலானவற்றில் உட்கரு இல்லை. மாரோலிகஸ் என்ற சின்னக் கடல் மீனிலும் அப்படியே. அவை தனித்தனியாக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தன. மெல்லிய உடம்பு, குறுகலான குழாய், சின்ன அணுவின் தேவை என்று ஊகிக்கலாம். ஆனால் நம் மூதாதைகளுக்கும் அதே காரணம்தானா என்று சொல்ல, எலும்பைப் போல ரத்தம் கல்லில் பதிந்து கிடைப்பதில்லை.

கொடுத்த விலை

எதற்காக என்பது முடியாத வழக்கு. என்ன விலைக்கு என்பது என் மேஜையில் தினமும் தெரிகிறது.

உட்கரு போனால் செய்முறைப் புத்தகம் போயிற்று. மஜ்ஜையிலிருந்து வந்து ஓரிரு நாளில் புரதம் செய்யும் கருவிகளும் போய்விடும். அதன் பிறகு எது பழுதானாலும் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. கையில் இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும். எத்தனை நாள் ஓட்டும்? நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷெமின், கனமான நைட்ரஜன் ஏற்றிய கிளைசின் 66 கிராமைச் சுமார் மூன்று நாளில் தானே சாப்பிட்டு, பிறகு மாதக்கணக்கில் தன் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார். 1946ல் வந்த விடை, சராசரி 127 நாள். இன்று பாடப்புத்தகத்தில் 120.

சர்க்கரை நோயாளிகள் எடுக்கிற மூன்று மாத சர்க்கரை டெஸ்ட் இதை நம்பித்தான் நிற்கிறது. ஹீமோகுளோபினைப் புதுப்பிக்க முடியாததால், ஒட்டிய சர்க்கரை அணுவின் ஆயுள் முழுக்க ஒட்டியபடியே இருக்கும். சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் அந்த ஹீமோகுளோபினை 1968ல் கண்டு சொன்னவர் தெஹ்ரானில் இருந்த சாமுவேல் ரஹ்பர். நமக்குக் கணக்கு எழுதி வைப்பது, தன்னைத் திருத்திக்கொள்ள முடியாத ஒரு செல்.

இந்த விதர்பா மண்ணில் அரிவாள் செல் நோய் அதிகம். ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிய தப்பு. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அணு விறைத்து அரிவாளாக வளைகிறது; தந்துகியை அடைக்கிறது. 120 நாள் ஓட வேண்டியது 10, 20 நாளில் உடைகிறது. மஜ்ஜை அவசர அவசரமாகச் செய்து அனுப்பும்போது சில அணுக்கள் உட்கருவோடேயே வெளியே வந்துவிடும். மண்ணீரல் கெட்டுப்போனவர்களுக்கு ஹோவெல்-ஜாலி துணுக்கும் தெரியும். அதைப் பொறுக்கி எடுக்கிற வேலை மண்ணீரலுடையது. நாய்மன் 1868லும் ஹோவெல் 1890லும் பார்த்தவை இரண்டும் ஒரே ஸ்லைடில், ஏழு வயசுப் பையன் ரத்தத்தில்.

அப்படி ஒரு பையனின் அப்பா ஒருநாள் ரிப்போர்ட் வாங்க வந்தவர், ஹிந்தியில் என்னைக் கேட்டார். "பாயிசாப், ரத்தத்தை முழுக்க மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா?" கெட்டிக்காரக் கேள்வி. மாற்றலாம், கொஞ்ச காலத்துக்கு. கொடுத்த ரத்தமும் அதன் நாள் முடிந்ததும் உடையும். தப்பு ரத்தத்தில் இல்லை, மஜ்ஜையில் இருக்கும் புத்தகத்தில். சிவப்பணுவுக்குள் எந்த மருந்தை அனுப்பினாலும் திருத்துவதற்கு அங்கே எழுத்தே இல்லை. இதை என் அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். "அப்படியானால் செடியை விட்டுவிட்டு இலையைக் கழுவுகிறோம்" என்றார். விவசாயி. அவர் சொன்னதை விடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

இந்த நோய் இந்தியாவில் உண்டு என்று 1952ல் முதலில் எழுதியவர்கள் லேமனும் கட்புஷும். பார்த்த இடம் எது தெரியுமா? நம் நீலகிரி. அங்குள்ள பழங்குடியினரிடம். இங்கே வந்த பிறகுதான் நம் ஊர் மலையின் இந்தக் கதை எனக்குத் தெரிய வந்தது. 2023 நவம்பரில் பிரிட்டன், மஜ்ஜையின் ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, மரபணுவைத் திருத்தித் திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. அடுத்த மாதம் அமெரிக்கா. செடிக்கே வைத்தியம். அங்கே அறிவித்த விலை 22 லட்சம் டாலர். நம் அரசு 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய திட்டம் வேறு வழி: 7 கோடிப் பேரைச் சோதித்து, தெரிந்து கல்யாணம் செய்துகொள்ளச் சொல்வது, 2047க்குள் ஒழிப்பது.

லேபில் ரத்தம் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். 2022ல் பிரிட்டனில் லேபில் வளர்த்த சிவப்பணுவை முதல் தடவையாக, கொடுத்தவர் அல்லாத இன்னொரு மனிதருக்கு ஏற்றிப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு டீஸ்பூன் அளவு. அதில் கஷ்டமான கட்டங்களில் ஒன்று எது என்கிறீர்கள்? கொட்டையை எடுப்பது! மஜ்ஜை விநாடிக்கு 20 லட்சம் தடவை சத்தமில்லாமல் செய்கிற வேலை.

ஆகவே, தொழிற்சாலை வருகிற வரைக்கும் நாம்தான் தொழிற்சாலை. ரத்த வங்கியில் சிவப்பணுவை வைத்திருக்கக் கூடிய உச்ச வரம்பு, எந்தப் பையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து 35 அல்லது 42 நாள். உட்கரு இல்லாத சரக்கு, தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளாது, அதற்கு மேல் தாங்காது. தீபாவளி, கோடை லீவு என்று கொடுப்பவர்கள் குறைகிற மாதங்களில், மாதம் தவறாமல் ரத்தம் ஏற்ற வேண்டிய பிள்ளைகள் குறைவதில்லை. உங்கள் ஊரில் எந்த மாதம் தட்டுப்பாடு என்று பக்கத்து ரத்த வங்கியில் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அந்த மாதம் போய்க் கொடுங்கள்.